ஏழாவது ஓட்டை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. பதினேழு வருடமாக, ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேரிடம், "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, பிடிங்க... ம், விடலாம்" என்று சொல்லிச் சொல்லி, வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் மூச்சக்கா ஆகிவிட்டாள். அவளுடைய எக்ஸ்ரே அறை தரைக்குக் கீழே இருந்தது. ஈயத் தகடு வைத்த கதவு, ஜன்னல் கிடையாது. நோயாளிகள் நனைந்து வந்தால் வெளியே மழை, வியர்த்து வந்தால் வெயில். அவளுக்கு வானிலை அறிக்கை அவ்வளவுதான்.

இந்த வேலையில் ஊறியவர்களுக்கு ஒரு கோளாறு வந்துவிடும். முகம் மனதில் நிற்காது, எலும்புதான் நிற்கும். கடைத்தெருவில் யாராவது சிரித்தால் அவள் திருதிருவென்று விழிப்பாள். அந்த ஆள் நாலடி சாய்ந்து நடந்ததும், "அட, நம்ம இடது இடுப்பு!" என்று மலர்ந்துவிடுவாள். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்: "முதல் தடவை பாத்தப்ப இவ என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. முதுகெலும்பு நேரா இருக்கான்னு பாத்தா, சரின்னுட்டா."

மனுஷனுக்குள் என்ன இருக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தின் நடுமண்டையில்தான் அடி விழுந்தது. கூடப் பிறந்த அண்ணன், நுரையீரலில் ஒன்றை வளர்த்துக்கொண்டு, ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது போகட்டும், "என்னண்ணா, சின்னப் பையன் மாதிரி ஆயிட்டே, யாருக்காக இந்த ஸ்டைல்?" என்று வாராவாரம் கிண்டல் வேறு. அவன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்வான்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவன். வீடு மாதிரி பெரிய பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் வைப்பான், ஒரு கீறல் விழாது. கீழே இறங்கினால் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடாமல் அவனால் ஒரு வேளை சாப்பிட முடியாது. வாழ்க்கையில் ஆசைப்பட்டு அவன் வாங்கியது ஒன்றே ஒன்று, அந்தக் கைக்கடிகாரம். பெரிய இடத்துக் கம்பெனி, கருநீல முகம், பின்பக்கம் கண்ணாடி வழியாக உள்ளே சக்கரம் சுழல்வது தெரியும். அதை வாங்கிய மாதம் முழுக்க அண்ணி அவனோடு பேசவில்லை. "அத்தனை உசரத்துல தனியா இருக்கேன், கூட யாராவது வேணாமா?" என்று அவன் சொன்ன சமாதானம் எடுபடவில்லை.

அந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கட்டியிருக்கிறவர் கை ஆடினால் உள்ளே சுருள் இறுகும், அந்தத் தெம்பில் ஓடும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாள் தாங்கும். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அது அவன் மணிக்கட்டில் நிற்காததால் வளையல் மாதிரி முழங்கைப் பக்கம் ஏற்றி விட்டிருந்தான், கழற்ற மட்டும் விடவில்லை. அவன் போன காலையில் நர்ஸ் அதைக் கழற்றி மூச்சக்கா கையில் கொடுத்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை கடைசியாக அசைந்ததெல்லாம் அதற்குள் இன்னும் மிச்சம் இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டபடி, கையெழுத்துப் போட்டபடி, அவள் அதைக் கைக்குட்டைக்குள் திறந்து திறந்து பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் ஐந்து இருபதுக்கு நின்றது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் அழுதால் ஏதோ அவசரப்படுவது போல இருந்ததாம்.

அண்ணி கடிகாரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வச்சுக்கோ" என்றுவிட்டாள். மூச்சக்கா அதை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல், பூட்டு இருக்கிற ஒரே இழுப்பறையான சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். அங்கே ஒரு வில்லங்கம். இழுப்பறையை வெடுக்கென்று இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்துக்குள் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். நின்று கிடந்த முள் எழுந்து பத்து இருபது நொடி ஓடும். பிறகு ஓய்ந்துவிடும். குழம்புக் கரண்டி எடுக்கப் போனால் உள்ளிருந்து டிக் டிக் டிக். இழுப்பறையை மூடினாலும் கேட்கும், அல்லது கேட்பது மாதிரி இருக்கும்.

"கரண்டி எடுத்தா உங்க அண்ணன் எழுந்துடறாரு," என்றார் கணவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் கரண்டியை மெதுவாக, தூங்குகிற குழந்தை பக்கத்திலிருந்து எழுவது போல எடுத்தாள். கொஞ்ச நாளில் கரண்டிகளையே வெளியே ஒரு டப்பாவில் மாற்றி வைத்தாள். அப்புறம் எடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் திறந்து பார்க்கத் தொடங்கினாள்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கேட்டேவிட்டாள்.

"வாட்ச் எங்க?"

"பத்திரமா இருக்கு அண்ணி."

"எங்க பத்திரமா?"

"இழுப்பறையில."

"உன் வீட்டுக்காரர் எல்லாம் சொன்னாரு. இங்க பாரு, நீ கையில கட்டிக்கிட்டா அது உன்னுது. டிராயர்ல போட்டு அதுகூட பேசிட்டு இருந்தேன்னா நான் வாங்கி வித்துடுவேன். துறைமுகத்துல ஒருத்தரு அது வேணும்னு அப்பவே கேட்டாரு. அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நீ சாப்பிட வர்றப்ப கையில இருக்கணும். இல்லன்னா அவரை வரச் சொல்லிடுவேன்."

"அண்ணி..."

"அழாத. சாம்பார்ல உப்பு ஏற்கெனவே அதிகம்."

அண்ணி சொன்னால் செய்வாள். துணி தைக்கும் ஆலையில் நாற்பது பேரை மேய்க்கிறவள். மூச்சக்கா வீட்டுக்கு வந்து, நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கடிகாரத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டிக்கொள்வதற்கு ஒரு தடை இருந்தது. கடிகாரம் இல்லை, அதன் ஸ்ட்ராப். செம்பழுப்பாக வாங்கிய தோல், அண்ணன் வியர்வையில் கறுத்து, அவன் மணிக்கட்டின் வளைவிலேயே இறுகிப் போயிருந்தது. மேசைமேல் வைத்தால் படுக்காது. உள்ளே கை இருக்கிற மாதிரியே வளைந்து நிற்கும். முகர்ந்தால் கிரீஸ், உப்பு, அவன். கூடவே ஓரமெல்லாம் வெடிப்பு. கட்டினால் அறுந்துவிடும், மாற்றினால் அவன் போய்விடுவான்.

*

ஸ்ட்ராப் மட்டுமே விற்கும் கடை ஒன்று, பழைய வணிக வளாகத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முக்கோணமான கடை. உயரம் உள்ள பக்கம் சரக்கு, குனிய வேண்டிய பக்கம் கடைக்காரம்மா. கண்ணில் ஒற்றைக் கண்ணாடி, விரல் நுனியில் பழுப்புச் சாயம். சுவர் முழுக்க ஸ்ட்ராப்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின.

"கம்பெனி ஸ்ட்ராப்புக்கு எழுதிப் போட்டா ஆறு மாசம்," என்றாள், கடிகாரத்தைப் பார்த்ததும். "வந்தாலும் ஆம்பளை நீளத்துல வரும். உங்க கைக்கு ரெண்டு சுத்து சுத்தலாம். என்கிட்ட அதைவிட நல்ல தோல் இருக்கு, என் வாயால சொன்னா நம்ப மாட்டீங்க, நீங்களே பாருங்க." ஒன்றை எடுத்து இரண்டாக மடித்தாள். "மடிச்ச இடத்துல வெள்ளையா வெடிப்பு தெரியுதா? தெரியல. தெரிஞ்சா அது தோல் இல்ல, தோல் தூளை ஒட்டிப் பெயிண்ட் அடிச்சது. ஓரத்துல நகத்தால கீறுங்க. கீறுங்கம்மா, பயப்படாதீங்க. உரிஞ்சு வந்தா மூஞ்சில விட்டெறிஞ்சுட்டுப் போங்க."

"அது முதலையா?"

"அதுவா? கட்டமெல்லாம் ஒரே அளவா இருக்கு பாருங்க. எந்த முதலையும் ஸ்கேல் வச்சு வளராது. அச்சு. நான் அச்சுன்னு சொல்லித்தான் விக்கிறேன், வாங்கறவங்க முதலைன்னு சொல்லிக் கட்டிக்கறாங்க." அவள் கடிகாரத்தில் ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவே அளவுகோலை வைத்தாள். "இருபது மில்லி. பத்தொன்பது வாங்கினா இடைவெளி தெரியும், இருபத்தொண்ணு வாங்கித் திணிச்சா ஓரம் நசுங்கும். கடைசியா இந்தக் குட்டிக் கம்பி. ஸ்ட்ராப்புக்கு ஆயிரம் பாப்பாங்க, இதை யாரும் பாக்க மாட்டாங்க. மொத்த வாட்சும் இதுலதான் தொங்குது."

மூச்சக்கா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கு இதே மாதிரி வேணும். அச்சு அசலா."

கடைக்காரம்மா பழைய ஸ்ட்ராப்பைத் தடவினாள். பெருவிரலால் அமுக்கினாள். "உள்ள என்னமோ வச்சுத் தச்சிருக்காங்க. தோலா, நுரையா, எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு தெரியணும். இதை விட்டுட்டுப் போங்க, பிரிச்சுப் பாத்துட்டு அதே மாதிரி செஞ்சு தர்றேன்."

"பிரிக்கக் கூடாது."

"பிரிக்காம எப்படிம்மா உள்ள பாக்கறது?"

மூச்சக்கா நாலு மாதம் கழித்து முதல் தடவையாகக் கொஞ்சம் நிமிர்ந்தாள். "அது எனக்குத் தெரியும்," என்றாள்.

*

மறுநாள் மதியம் கூட்டம் ஓய்ந்ததும் ஈயக்கதவைச் சாத்தினாள். கடிகாரத்திலிருந்து ஸ்ட்ராப்பைக் கழற்றினாள். இரண்டு துண்டுகளையும் மேசையில், விரலைப் படம் எடுக்கிற மாதிரி, பக்கத்தில் ஓர் அளவுகோலோடு வைத்தாள். பழக்க தோஷத்தில் ஓரத்தில் 'இடது' என்பதற்கான ஈய எழுத்தையும் வைத்தாள். அவன் இடது கையில்தானே கட்டுவான்.

ஆனால் அந்த மெஷின் நோயாளி இல்லாமல் படம் எடுக்காது. பெயர் போடு, பிறந்த வருடம் போடு என்று திரை மறித்துக்கொண்டு நின்றது. சோதனைப் படம் என்று ஒரு வழி இருக்கிறது, அவளுக்கும் தெரியும். வேறு எவளாக இருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பாள். இவள் கை தானாக அண்ணன் பெயரை அடித்தது. ஒரு தடவையாவது அவனைத் தன் அறையில் பதிவு செய்ய வேண்டும் போல இருந்ததோ என்னவோ.

திரை ஒரு நொடி யோசித்தது. பிறகு, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், இவர்தானா என்று கேட்டது. அதே பிறந்த வருடம். அதே வீட்டு விலாசம். மார்பு, நேர் படம், ஒன்று. அவன் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கு மூன்று மாதம் முந்தைய தேதி. அதாவது வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று அவள் நம்பியிருந்த காலம். புதன்கிழமை. புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை.

கடைசியில் அவனைச் சேர்த்ததோ நகரத்தின் மறுகோடியில் பெரிய ஆஸ்பத்திரியில். இங்கே அவன் வந்ததே இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

முதலில் ஸ்ட்ராப்பைப் படம் எடுத்தாள். ஏனென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எடுக்க வந்ததை எடுத்து முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. திரையில் பக்கிள் வெள்ளை வெளேரென்று வந்தது. குட்டிக் கம்பிகளுக்குள் அதைவிடக் குட்டியாகச் சுருள் தெரிந்தது. தோல், புகை மாதிரி மங்கலாக. அந்தப் புகைக்குள் ஓட்டைகள் வரிசையாக. ஐந்து ஓட்டைகள் வட்டம், கம்பெனி போட்டவை. ஆறாவது கொஞ்சம் கோணல். ஏழாவதுக்கு வடிவமே இல்லை, கிழிசல் மாதிரி, ஓரத்தை நோக்கி ஒரு கீற்றோடு. இரண்டாவது ஓட்டை நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. வருடக் கணக்கில் அங்கேதான் கட்டியிருக்கிறான். அங்கிருந்து மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று உள்ளே இறங்கியிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு, போகப்போக மெலிந்து. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் ரிப்போர்ட் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அது அவளுக்கு ஒரு கை தூரத்தில், சட்டைக் கைக்குள் இருந்தது.

பிறகு மார்புப் படத்தைத் திறந்தாள்.

இடது காறை எலும்பில் அந்த முண்டு முதலில் கண்ணில் பட்டது. அவன்தான். அவளுக்கு எட்டு வயதில், மொட்டை மாடியில் ஏறி நின்ற அண்ணனை வம்புக்கு இழுக்க ஏணியை எடுத்து ஒளித்து வைத்தாள். அவன் குதித்து எலும்பை முறித்துக்கொண்டான். வழுக்கி விழுந்தேன் என்று அப்பாவிடம் சொன்னான், சாகும் வரை மாற்றிச் சொல்லவே இல்லை. எலும்பு மட்டும் ஒளிக்காமல் வைத்திருந்தது. அதற்கு மறுபக்கம், வலது மேல் மடலில், சட்டைப் பித்தானைவிடப் பெரிதாக ஒரு வெள்ளைப் புள்ளி. மாணவிகூடக் கண்டுபிடித்துவிடுவாள். படம் நல்ல கூர்மை. ஆடவே இல்லை. கல்லு மாதிரி நின்றிருக்கிறான்.

போன் அடித்தது. மேல் மாடியில் படம் படிக்கும் டாக்டர்.

"ஏம்மா மூச்சக்கா, இப்ப ஒரு கேஸ் அனுப்பியிருக்கே. நோயாளிக்கு எலும்பே இல்ல."

எடுத்த படமெல்லாம் தானாக அவர் வரிசைக்குப் போய்விடும் என்பதை மறந்திருந்தாள்.

"பக்கிள் மட்டும் நல்லா இருக்கு. ஏழு இடத்துல துவாரம். நான் என்னன்னு எழுதறது, தோல் டாக்டருக்கு அனுப்புங்கன்னா?" சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவர் திரையிலும் அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு படம் இருந்திருக்கும். "ஓ," என்றார். "சோதனைப் படம்னு மாத்திடறேன்மா. நீ ஒரு டீ குடிச்சுட்டு வா."

அவள் டீ குடிக்கவில்லை. இரண்டு மணிக்கு மாற்றுக்கு வரும் மதியக்காரனுக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு அடுத்த ஆள், புதன்கிழமைகளில் முழு நாளும் அவன்தான். அவன் செருப்பைக் கழற்றும்போதே திரையைப் பார்த்துவிட்டான். ஒரு செருப்போடு நின்றான்.

"உனக்கு என் அண்ணனைத் தெரியுமா?"

"அக்கா..."

"நீ எடுத்த படம்தானே?"

"அக்கா, சத்தியமா உங்க அண்ணன்னு முதல்ல தெரியாது. வந்ததுமே, 'இங்க ஒரு பொம்பளை இருப்பாளே, அவ இருக்காளா?'ன்னு கேட்டாரு. இன்னைக்கு லீவுன்னேன். 'அப்பாடா'ன்னாரு. அப்புறம்தான் சொன்னாரு. சொல்லக் கூடாதுன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு."

"ஏன்?"

"'அவ எடுத்தா படம் ஆடிப்போயிடும்'னாரு." அவன் மற்ற செருப்பையும் கழற்றினான். "அன்னைக்கே உங்ககிட்ட சொல்லலாம்னு போனை எடுத்தேன்க்கா. அப்புறம் வச்சுட்டேன். அவரு போனதுக்கப்புறம் உங்களை நேரா பாக்க முடியல. அதான் இப்பல்லாம் அஞ்சு நிமிஷம் லேட்டா வர்றேன்."

நாலு மாதமாக அவன் தாமதத்துக்கு அவள் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேசைமேல் கிடந்த ஸ்ட்ராப்பைக் காட்டினாள்.

"இந்த வாட்ச் கட்டியிருந்தானா?"

"கழட்டுங்கன்னு சொல்ல வேண்டியதே இல்லக்கா. கையைத் தொங்க விட்டாரு, தானா கழண்டு விழுந்துச்சு. நான் பாஞ்சு பிடிச்சேன். 'பரவாயில்லையே, நீ கிரேனுக்கு வரலாம்'னாரு. படம் எடுத்து முடிச்சதும், ஓட்டை போட ஏதாவது இருக்கான்னாரு. அதைத்தான் குடுத்தேன்."

கன்ட்ரோல் மேசையோரத்தில் நூல் கட்டித் தொங்கியது கத்தரிக்கோல். பிளாஸ்திரி வெட்டுவது. பதினேழு வருடமாக அவள் கை படுகிற இடம். ஏழாவது ஓட்டையைத் தெருவிலோ, கூண்டிலோ, எங்கேயோ போட்டிருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மேசைமேல் வைத்து, கத்தரி நுனியைத் திருகித் திருகிப் போட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளால் அந்த அறையில் முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை. அவன் உட்கார்ந்த நாற்காலியில் உறையைப் போர்த்தி வைத்தாள். வருகிற நோயாளி உட்காரப் போனால், "அங்க வேண்டாம்" என்றாள். ஏன் என்று ஒருவர் கேட்டார். வேறு நாற்காலியைக் காட்டினாள். மூன்றாம் நாள் தானே அதில் உட்கார்ந்துகொண்டாள், வேறு யாரும் உட்காராமல் இருக்க.

*

சனிக்கிழமை அவள் கடைக்குப் போனாள். கெடு ஒரு நாள்தான் மிச்சம். அசல் அளவில் அச்செடுத்த பிலிமை எடுத்து நீட்டினாள். கடைக்காரம்மா அதை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தாள், திருப்பினாள், மறுபடி பார்த்தாள்.

"என் முப்பது வருஷத் தொழில்ல ஸ்ட்ராப்புக்கு எக்ஸ்ரே எடுத்தது நீங்கதாம்மா," என்றாள். "உள்ள ஒரு அடுக்குத் தோல்தான், நுரை இல்ல. தையல்கூட எண்ணிடலாம். சரி, செஞ்சுடலாம். ஒண்ணு கேக்கறேன். அச்சு அசலுன்னீங்க. அந்தக் கிழிஞ்ச ஓட்டையுமா?"

மூச்சக்கா பிலிமில் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓட்டையை விடுங்க. உங்க கையைக் குடுங்க முதல்ல. கை அளவு இல்லாம நான் தோல் வெட்ட மாட்டேன்."

அளவு நாடாவை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினாள். கிடைக்கவில்லை. பழைய ஸ்ட்ராப்பையே கடிகாரத்தில் மாட்டி, அவள் மணிக்கட்டில் சுற்றினாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அது அவள் மணிக்கட்டில் ஏறியது. தோல் ஜில்லென்று இல்லை. கடைக்காரம்மா நுனியை இழுத்தாள், ஐந்தாவது தாண்டி, ஆறாவது தாண்டி. பக்கிளின் ஊசி தானாக, தள்ளாமல், ஏழாவது ஓட்டைக்குள் இறங்கி உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, அளவெடுத்த மாதிரி," என்றாள் கடைக்காரம்மா சந்தோஷமாக. "இது உங்களுக்காகப் போட்ட ஓட்டைதானா?"

மூச்சக்கா மணிக்கட்டைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தால்கூட அண்ணன் மணிக்கட்டு அடங்காது. அதைப் பிடித்துத் தொங்கித்தான் தெரு தாண்டுவாள். கடைசியில் அவனுக்கு இந்தக் கை. இந்தக் கையோடு கூண்டு ஏறியிருக்கிறான். வளையல் அளவுகூட இல்லாத இந்தக் கையோடு உட்கார்ந்து அவள் கிண்டலுக்குச் சிரித்திருக்கிறான். முள் ஓடத் தொடங்கியிருந்தது. அவளுக்குத் தன் கை தன்னுடையதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதை அசைக்காமல் வைத்திருந்தாள், பக்கத்தில் யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருப்பது போல.

"என்னம்மா, குத்துதா?"

"இப்படியே கட்டிக்கலாமா?"

"இதையா?" கடைக்காரம்மா ஒற்றைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிழிசலைப் பார்த்தாள். "ரெண்டு வாரம் தாங்காது. இந்தக் கீத்து ஓரத்தைத் தொட்டுருச்சு. படியில இறங்கறப்ப வாட்ச் கீழ கிடக்கும். நான் விக்கணும்னு சொல்லலம்மா. அவரே இருந்தாலும் மாத்திருப்பாரு. இவ்வளவு நல்ல வாட்சை விழ விடமாட்டாரு."

ஒரு தடவை விழப்போனது, ஒருவன் பாய்ந்து பிடித்தான். அடுத்த தடவை யார் பிடிப்பது.

"அதே மாதிரி வேண்டாம்," என்றாள். "எனக்கு ஏத்த மாதிரி குடுங்க."

அவளே தேடினாள். ஒன்றை மடித்தாள், வெடித்தது, வைத்தாள். ஒன்று ஓரம் உரிந்தது. ஒன்று எல்லாம் சரி, பூட்ஸ் மாதிரி விறைப்பு. கடைக்காரம்மா வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தாள். கடைசியில் கன்றுத்தோலில் ஒன்று, ஈர மண் நிறம், பளபளப்பு இல்லை. உள்பக்கமும் தோல், தையல் சீராக, மடித்த இடத்தில் நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்து மறுபடி திரும்பியது. நீளம் குட்டை. முகர்ந்தாள். தோல் வாசனை மட்டும் இருந்தது. யார் வாசனையும் இல்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"கம்பி?" என்றாள்.

"புதுசு, கெட்டியானது. நீங்க கேப்பீங்கன்னு எடுத்து வச்சுட்டேன்."

பழைய ஸ்ட்ராப்பின் இரண்டு துண்டுகளையும் கடைக்காரம்மா காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். தூக்கிப் போடட்டுமா என்று அவள் கேட்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்ததும் அண்ணியின் கண் நேராகக் கைக்குத்தான் போனது. தட்டு வைத்தாள். அண்ணன் உட்காரும் இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டாள். நாலு மாதமாக அப்படித்தான், யாரும் அங்கே பார்க்காமல் இருக்கட்டும் என்று. கணவர் நிலைமையைப் பார்த்து, தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறையில் போய் நின்றுகொண்டார்.

"அண்ணி, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அண்ணி சோற்றைப் பிசைந்தாள். "எது?"

"ஆறாவது ஓட்டை யார் போட்டது?"

பிசைந்த கை நின்றது.

"நான்தான்," என்றாள் அண்ணி. "அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து, ஆணிய வச்சு அம்மிக் குழவியால அடிச்சேன். கோணலாப் போச்சு. ஆலையில நாற்பது பேருக்கு நேராத் தையுங்கடின்னு கத்தறேன், எனக்கு ஒரு ஓட்டை நேரா வரல. இளைக்கறீங்களே, டாக்டரைப் பாருங்கன்னேன். பாத்தாரு. 'தங்கச்சி ஆஸ்பத்திரியிலதான் படம் எடுத்தேன், அவ இல்லாத நாள்ல'ன்னு சொன்னாரு. மூணு மாசம் ஊருக்கே சொல்லாம வைத்தியம். எனக்கு நெஞ்சு வெடிச்சுது."

"எனக்கு ஏன் சொல்லல? நான் பாத்திருப்பேனே அண்ணி. என் வேலையே அதுதானே."

"அதனாலதான் சொல்லல." அண்ணி குரலை உயர்த்தினாள், பிறகு தணித்தாள். "டாக்டர் அவரை நோயாளியாப் பாத்தாரு. நானும் அப்படித்தான் பாத்தேன், என்ன பண்றது, மாத்திரை குடுக்கறவ. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒருத்தி வந்து, 'யாருக்காக இந்த ஸ்டைல்'னு வம்புக்கு இழுக்கறா, அது வேணும்னாரு. நீ போனதுக்கப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு என்கிட்ட கேப்பாரு, 'நிஜமாவே ஸ்டைலாத்தான் இருக்கேனா?'ன்னு. கேட்டுட்டு அவரே சிரிப்பாரு. அதை எடுத்துடாதேன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டாரு. நான் எடுக்கல. தப்புன்னா என்னைத் திட்டு."

மூச்சக்கா யாரையும் திட்டவில்லை. அழுகை வந்தது, அதற்குள் சோறு இருந்தது, இரண்டையும் சேர்த்து விழுங்கினாள். சமையலறையில் கணவர் எதையோ கீழே போட்டுவிட்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார், யாரும் கேட்காமலேயே.

"பழசு எங்க?" என்றாள் அண்ணி.

மூச்சக்கா பையிலிருந்து காகித மடிப்பை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு நொடி விரல் விடவில்லை. அண்ணியும் இழுக்கவில்லை. பிறகு விட்டாள். அண்ணி இடது கையால் பிரித்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், "ஐயோ, நாறுது" என்றாள். என்றவள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் சாப்பிட்டு முடிகிற வரைக்கும் அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் இடது கை தண்ணீருக்கு நீண்டால் அண்ணியின் கண் தண்ணீருக்குப் போனது, தட்டை நகர்த்தினால் தட்டுக்குப் போனது. மூச்சக்காவுக்கு அது தெரிந்தது. தாகம் இல்லாமலேயே இரண்டு தடவை டம்ளரை எடுத்தாள். இரண்டாம் தடவை டம்ளர் சாய்ந்து மேசையெல்லாம் தண்ணீர் ஆனது. அந்த வீட்டில் அது நடந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. யாரும் துடைக்க எழவில்லை.

கிளம்பும்போது அண்ணி வாசல் வரை வந்தாள். துறைமுகத்துக்காரர் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த ஞாயிறும் வா," என்றாள். "கையை மறக்காம எடுத்துட்டு வா."